லைசன்ஸ் இருக்குத்தானே, பிறகென்ன படிப்பு?

தலைப்பில் இருப்பது என் அக்காவின் கேள்வி. அவளுடைய மகன், அதாவது என் மருமகன், அமெரிக்காவில் கணினி வேலை பார்க்கிறான். தனியார் விமானி லைசன்ஸ் எடுத்துச் சில வருடங்களாகிவிட்டன. இப்போது ஓர் ஆர்வி-6 விமானத்தை இரண்டாம் கையாக வாங்கப்போகிறானாம். வாங்கியதும் பக்கத்து மாநிலத்துக்குப் போய், ஒரு பயிற்றுநரிடம் சில நாள் பறந்து பழகப்போகிறானாம். அக்காவுக்கு இரண்டுமே பிடிக்கவில்லை. வாங்குவது வீண்செலவு, படிப்பது அதைவிட வீண்செலவு என்பது அவள் கட்சி. திருகோணமலைப் பாலையூற்றிலிருந்து உப்புவெளியிலுள்ள என் வீட்டுக்கு ஆட்டோ பிடித்து வந்து, “நீ பிளேன்ல வேலை செய்தவன்தானே, நீயே சொல்லு. லைசன்ஸ் இருக்குத்தானே, பிறகென்ன படிப்பு?” என்றாள்.

நான் விமானத்தில் வேலை செய்தது உண்மை. ஓட்டியதில்லை. வளைகுடா நாடொன்றில் ஹேங்கர் எனும் விமானக் கொட்டகைக்குள் ஸ்பானர் பிடித்துக் காலம் கழித்துவிட்டு ஊர் திரும்பியவன். விமானிகளைப் பற்றி ஒரு மெக்கானிக்குக்கு இருக்கும் அபிப்பிராயம்தான் எனக்கும், அது எப்போதும் நல்ல அபிப்பிராயம் என்று சொல்ல முடியாது. ஆனாலும் இந்த விஷயத்தில் மருமகன் பக்கம்தான் நின்றேன். விமானத்தை வாங்குவதும் விடுவதும் உன் காசு, உன் விருப்பம்; பயிற்சிக்கான செலவை மட்டும் விமானத்தின் விலையோடு சேர்த்தே கணக்குப் போடு, அதைக் கொடுக்கக் கட்டாதென்றால் அந்த விமானம் உனக்குக் கட்டாது என்று அவனுக்குச் சொன்னேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று அக்காவுக்கு அன்று முழுதாக விளங்கப்படுத்த முடியவில்லை. தேத்தண்ணி ஆறுவதற்குள் சொல்லி முடிக்கிற கதையல்ல இது.

முதலில் ஆர்வி-6 என்பது என்ன என்று சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ரிச்சர்ட் வான்க்ரன்ஸ்வன் என்ற பொறியியலாளர் 1970களின் தொடக்கத்தில் ஆரம்பித்த வான்ஸ் எயார்கிராஃப்ட் என்ற நிறுவனம் இருக்கிறது. அது முழு விமானத்தை விற்பதைவிட, அலுமினியத் தகடுகளையும் பாகங்களையும் வரைபடங்களையும் பெட்டிகளில் போட்டு அனுப்புவதைத்தான் தொழிலாக வைத்திருக்கிறது. வாங்கியவர் தன் கராஜில் வைத்துத் துளையிட்டு, ரிவெட் அடித்து, வருடக்கணக்கில் கட்டுவார். பாதிக்கு மேற்பட்ட வேலையை, பேச்சில் 51 சதவீதம் என்பார்கள், கற்றுக்கொள்வதற்காகவோ பொழுதுபோக்குக்காகவோ கட்டுகிறவர்களே செய்திருக்க வேண்டும் என்பது அமெரிக்க விதி. அப்படிக் கட்டியதற்குத் தொழிற்சாலை விமானத்துக்குரிய சான்றிதழ் கிடையாது. ‘எக்ஸ்பெரிமென்டல்’ என்று கண்ணில் படும்படி எழுதி ஒட்டிவிட்டுப் பறக்கலாம். இப்படிக் கட்டுகிறவர்களுக்காகவே 1953-இல் போல் பொபெரெஸ்னி என்பவர் தொடங்கிய சங்கம் இன்று உலகம் முழுக்கக் கிளை பரப்பியிருக்கிறது. வருடாவருடம் விஸ்கொன்சினிலுள்ள ஒஷ்கொஷ்ஷில் அவர்கள் கூடும் கூட்டத்தை மருமகன் எங்கள் கோணேசர் கோயில் திருவிழா அளவுக்குப் பக்தியோடு பேசுவான்.

இது வெள்ளைக்காரரின் விளையாட்டு என்று நினைக்க வேண்டாம். நம் இலங்கையிலேயே ரே விஜேவர்தன இருந்தார். 1924-இல் பிறந்து 2010-இல் மறைந்தவர். இரண்டு சில்லு உழவு இயந்திரத்துக்காகவும், மொறட்டுவைப் பல்கலைக்கழக வேந்தராகவும் அவரைத் தெரிந்தவர்கள் பலர். 1970 ஆசிய விளையாட்டுப் போட்டியில் பாய்மரப் படகோட்டத்தில் வெள்ளி வென்றவரும் அவர்தான். அதே மனிதர் சிறிய விமானங்களைத் தானே வடிவமைத்து, தானே கட்டி, தானே பறந்தார். அவரைப் பற்றித் தமிழில் யாராவது நீளமாக எழுத வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

அக்காவின் கேள்வி சட்டப்படி சரியான கேள்விதான். அமெரிக்காவில் ஒற்றை இயந்திரத் தரைவிமானத்துக்கு லைசன்ஸ் எடுத்தவர், சாதாரணப் பயிற்சி விமானமான செஸ்னா 172-இல் மட்டுமே பழகியிருந்தாலும், நாளைக்கே இன்னொருவர் கராஜில் கட்டிய வேறொரு ஒற்றை இயந்திர விமானத்தில் ஏறிப் போகலாம். பெரிய ஜெட்களுக்கு உள்ளதுபோல ஒவ்வொரு வகைக்கும் தனிச் சான்று கேட்பதில்லை. மூன்றாவது சில்லு மூக்கில் இல்லாமல் வாலில் இருக்கும் வால்சில்லு விமானமென்றால் ஒரு பயிற்றுநரின் கையெழுத்து வேண்டும். இயந்திரம் 200 குதிரைவலுவுக்கு மேல் போனால் இன்னொரு கையெழுத்து. சில்லை உள்ளிழுப்பது, இறக்கையின் பின்விளிம்பில் கீழே இறக்கும் ஃப்ளாப், அலகின் கோணத்தை மாற்றக்கூடிய புரொப்பெல்லர் எல்லாம் சேர்ந்து வந்தால் அதற்கும் ஒன்று. அவ்வளவுதான். அந்தக் குறிப்பிட்ட விமானத்தைத் தெரியுமா என்று சட்டம் கேட்காது. காப்புறுதி நிறுவனம் கேட்கும். அதே மாதிரி விமானத்தில் பயிற்றுநரோடு இத்தனை மணித்தியாலம் பறந்துவிட்டு வா, அதன் பிறகுதான் காப்புறுதி என்று பல நிறுவனங்கள் நிபந்தனை போடுகின்றன. சட்டத்தைவிடக் காசு போடுகிறவனுக்கு ஆபத்து எங்கே என்று நன்றாகத் தெரிந்திருக்கிறது.

செஸ்னா 172-ஐயும் ஆர்வி-6-ஐயும் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தால் ஒரு மெக்கானிக்குக்குக் கதை விளங்கிவிடும். செஸ்னாவின் இறக்கை நுனியிலிருந்து நுனி வரை 36 அடி. ஆர்வி-6-க்கு 23 அடிதான். கட்டைக் குட்டையான இறக்கை வேகமாகப் போகும்போது ஒரு குறையும் வைக்காது. 160 குதிரைவலு இயந்திரத்தோடு மணிக்கு 300 கிலோமீற்றர் அளவில் ஓடும், செஸ்னாவை எங்கேயோ விட்டுவிடும். ஆனால் இறங்குவதற்காக வேகத்தைக் குறைத்து மூக்கைத் தூக்கினீர்கள் என்றால், அந்தக் குட்டை இறக்கையில் இழுவை மளமளவென்று ஏறும். இயந்திரத்தின் வலுவைக் குறைக்கத் த்ரோட்டிலையும் இழுத்துவிட்டால் விமானம் கீழே போகிற வேகம் செஸ்னாக்காரரைத் திகைக்க வைக்கும். செஸ்னாவில் கடைசி நேரத்தில் மெதுவாக மிதந்து தரையைத் தேடுவது பழக்கம். இங்கே அந்த மிதப்பை எதிர்பார்த்து உயரத்தில் மூக்கைத் தூக்கினால் தொப்பென்று விழும். ஓடுபாதைக்கு வருகிற வழியில் நடப்பது இதற்கு நேர்மாறு: காற்றைக் கிழிக்கும் வழுவழுப்பான உடம்பு, வேகம் இறங்கவே இறங்காது. செஸ்னாவில் பழகிய தூரத்தில் வேகத்தைக் குறைக்கத் தொடங்கினால் ஓடுபாதைக்கு மேலே வந்த பிறகும் வேகம் குறையாமலே இருப்பீர்கள்.

பிறகு கையில் உணர்வது. செஸ்னாவில் ஸ்டியரிங், கொஞ்சம் பலமாகத் திருப்ப வேண்டும். ஆர்வியில் தடி. இரண்டு விரலால் பிடித்தால் போதும், நினைத்தவுடன் சாயும். பழக்கமில்லாதவர் தேவைக்கு மேல் அசைத்து, அதைச் சரிசெய்ய மறுபக்கம் தேவைக்கு மேல் அசைத்து, தரைக்குக் கிட்ட வைத்து விமானத்தை ஊஞ்சலாட்டுவார். மருமகன் வாங்க நினைத்தது வால்சில்லு ஆர்வி-6. மூக்குச்சில்லு வைத்தது ஆர்வி-6ஏ, அது வேறு. வால்சில்லு விமானத்தில் எடையின் மையம் பிரதான சில்லுகளுக்குப் பின்னால் இருக்கிறது. தரையில் ஓடும்போது சற்றே கோணலாகிவிட்டால் அந்தப் பின்பாரம் கோணலைக் கூட்டிக்கொண்டே போகும், சுக்கான் மிதியில் கால் உடனே வேலை செய்யாவிட்டால் விமானம் தானே சுழன்று இறக்கையைத் தரையில் தேய்க்கும். மூக்குச்சில்லில் பாரம் முன்னால் இருப்பதால் கோணல் தானாகவே நேராகும். செஸ்னாக்காரரின் கால்கள் சோம்பேறிகளாக இருப்பதற்கு இதுதான் காரணம். குறைசொல்லவில்லை, தேவையில்லாத இடத்தில் கால் ஏன் பழகப்போகிறது?

எரிபொருள்தான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. செஸ்னாவின் டாங்க் தலைக்கு மேல் இறக்கையில் இருக்கிறது. வால்வை ‘இரண்டும்’ என்ற இடத்தில் வைத்துவிட்டால் பெற்றோல் தானாக இறங்கும், வால்வை மறந்தே போகலாம். ஆர்வியின் இறக்கை கீழே, டாங்க்கும் கீழே. பம்ப் வேண்டும். வால்வில் ‘இடது’, ‘வலது’ என்று இரண்டுதான், ‘இரண்டும்’ கிடையாது. நேரம் பார்த்து மாற்ற வேண்டும், மறந்தால் மற்ற டாங்க்கில் பெற்றோல் இருக்கும்போதே இயந்திரம் நின்றுபோகும். இயந்திரமும் ஒன்றல்ல. லைகொமிங் வைத்தவர்கள் அதிகம். வேறு வடிவங்களைக் கட்டுகிறவர்கள் ரோடாக்ஸ் வைப்பார்கள், வோக்ஸ்வாகன் காரின் இயந்திரத்தை மாற்றி வைப்பார்கள். ரோடாக்ஸ் 912-ஐ நிமிடத்துக்கு 5,800 சுற்று வரை விரட்டலாம், நடுவில் ஒரு கியர்பெட்டி இருந்து அதைக் குறைத்துப் புரொப்பெல்லருக்குக் கொடுக்கும். லைகொமிங்கின் 2,700-க்குப் பழகிய காதுக்கு அந்தச் சத்தம் இயந்திரம் பிய்ந்துபோகப் போகிறது என்றே கேட்கும். அதன் எண்ணெய் மட்டத்தைப் பார்ப்பதற்கு முன், புரொப்பெல்லரைக் கையால் பலமுறை சுற்றி, தனி எண்ணெய்த் தாங்கியிலிருந்து ஒரு களகள சத்தம் வரும்வரை காத்திருக்க வேண்டும். தெரியாதவர் குச்சியை விட்டுப் பார்த்து, எண்ணெய் இல்லையென்று இன்னும் ஊற்றிவிடுவார்.

இதெல்லாம் வகைக்கு வகை உள்ள வேறுபாடு. கையால் கட்டிய விமானத்தில் அதற்கு மேலும் ஒன்று இருக்கிறது: ஒரே வரைபடத்தில் கட்டிய இரண்டு ஆர்வி-6 ஒன்றாக இருக்காது. வேகமானிக்குக் காற்றழுத்தம் எடுக்கும் துளையை ஒருவர் அரை அங்குலம் தள்ளி வைத்திருப்பார், அதனால் ஸ்டோல் ஆகும், அதாவது இறக்கை தூக்கும் வலுவை இழக்கும் வேகம் மீற்றரில் வேறாகக் காட்டும். ஒருவர் கனமான புரொப்பெல்லர் போட்டிருப்பார், பாரம் முன்னால் போயிருக்கும். சுவிட்சை எங்கே வைப்பது என்பது கட்டியவரின் கைவாகு, அவர் மனைவியின் யோசனை, மிச்சமிருந்த வயரின் நீளம் எல்லாம் சேர்ந்து முடிவாகும். எங்கள் தெருவில் தண்டையலாக இருந்து ஓய்வெடுத்த ஒருவர் இருக்கிறார். இதை அவரிடம் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவே இல்லை. ஆள் கட்டிய பழைய வள்ளத்தை வாங்கினால் விற்றவனையும் ஏற்றிக்கொண்டுதான் முதல் தடவைகள் கடலுக்குப் போவாராம். எந்தப் பக்கம் அலை அடித்தால் அது முனகும் என்று அவனுக்குத்தானே தெரியும் என்றார். அக்காவுக்கு நான் சொன்ன எல்லாவற்றையும்விட அவர் சொன்னதுதான் ஏறியது.

இந்த இடத்தில் ஜோன் டென்வரைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். பாடகர். அமெரிக்காவில் அவரைத் தெரியாதவர் இல்லை. விமானியின் மகன். அவரும் 2,700 மணித்தியாலங்களுக்கு மேல் பறந்த அனுபவசாலி. 1997 அக்டோபர் 12-ஆம் திகதி, தான் அண்மையில் இரண்டாம் கையாக வாங்கிய லோங்-ஈஸி விமானத்தில் கலிபோர்னியாவின் மொன்டெரேயிலிருந்து ஏறினார், கொஞ்ச நேரத்தில் கடலில் விழுந்து இறந்தார். லோங்-ஈஸி பர்ட் ரூட்டன் வடிவமைத்தது. சிறிய இறக்கை முன்னால், பெரிய இறக்கையும் புரொப்பெல்லரும் பின்னால். மூக்குச்சில்லை மட்டும் கையால் சுற்றி உள்ளிழுக்கலாம். நிறுத்திவைக்கும்போது மூக்கைத் தரையில் ஊன்றி மண்டியிட்டு நிற்கும். விசித்திரமான தோற்றம், ஆனால் வடிவமைப்பில் கோளாறு எதுவும் இல்லை. கோளாறு ஒரு வால்வில் இருந்தது.

ரூட்டனின் வரைபடப்படி எரிபொருள் வால்வு விமானியின் கால்களுக்கு இடையில், கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். இந்த விமானத்தைக் கட்டியவர் அதை விமானியின் இடது தோளுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்திருந்தார். அதைத் திருப்ப வேண்டுமானால் தடியை விட்டு, உடம்பை இடப்பக்கம் முறுக்கி, வலது கையைப் பின்னால் நீட்ட வேண்டும். எந்தப் பக்கம் எந்த டாங்க் என்று குறியும் இல்லை. எவ்வளவு பெற்றோல் இருக்கிறது என்று காட்டும் கண்ணாடிக் குழாய்களும் பின்னால் இருந்தன, அவற்றிலும் அளவுக் குறி இல்லை. புறப்படுவதற்கு முன் அங்கிருந்த தொழில்நுட்பவியலாளர் ஒருவரோடு இந்த வால்வைப் பற்றி டென்வர் பேசியிருக்கிறார். கைப்பிடியில் ஒரு குறடைப் பிடித்து நீளமாக்கிப் பார்த்தார்கள், சரிவரவில்லை. பின்னால் இருக்கும் அளவைப் பார்க்க அந்தத் தொழில்நுட்பவியலாளர் ஒரு சின்ன முகக்கண்ணாடியைக் கொடுத்தார். பெற்றோல் அடிக்கட்டுமா என்றதற்கு, கொஞ்ச நேரம்தான் பறக்கப்போகிறேன், வேண்டாம் என்றாராம் டென்வர்.

எனக்கு அந்தத் தொழில்நுட்பவியலாளரின் நினைப்புத்தான் அடிக்கடி வரும். ஹேங்கரில் நாங்கள் எத்தனை முறை இப்படிக் கண்ணாடி கொடுத்திருப்போம்! விசாரணை சொன்னது இது: வால்வைத் திருப்ப உடம்பை முறுக்கும்போது வலது காலை ஊன்றியிருக்கிறார், அந்தக் கால் வலது சுக்கான் மிதியை அழுத்தியிருக்கிறது, விமானம் கைவிட்டுப் போயிருக்கிறது. பெற்றோல் நிரப்பாமல் புறப்பட்டது இன்னொரு காரணம். துணைக் காரணங்களின் பட்டியலில் வால்வு இருந்த இடம், குறியில்லாத அளவுக் குழாய்கள், அந்த வகை விமானத்தில் அனுபவக் குறைவு ஆகியவற்றோடு ‘போதாத ட்ரான்ஸிஷன் பயிற்சி’, அதாவது புதிய வகை விமானத்துக்கு மாறும் பயிற்சி போதவில்லை என்றும் எழுதினார்கள். முந்தின நாள் அவருக்குக் கிடைத்த அறிமுகம் அரை மணித்தியாலம் வரைதான். அந்த அரை மணித்தியாலத்தில் இறங்கி ஏறப் பழகலாம். ஒரு டாங்க் காலியாகும்போது என்ன செய்வது என்று உயரத்தில் வைத்து, பக்கத்தில் ஓர் ஆள் இருக்கும்போது செய்து பார்க்கப் போதாது. ஒரே ஒரு தடவை ஐயாயிரம் அடியில் அதைச் செய்து பார்த்திருந்தால், இந்த வால்வை மாற்றாமல் நான் ஏறமாட்டேன் என்று அவரே சொல்லியிருப்பார் என்பது என் எண்ணம்.

அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை 2012-இல் இப்படிக் கையால் கட்டிய விமானங்களைப் பற்றித் தனியாக ஓர் ஆய்வு வெளியிட்டது. 2011-இல் அந்த நாட்டின் பொது விமானங்களில், அதாவது விமானச் சேவைகளுக்கும் படைகளுக்கும் சேராதவற்றில், இவை கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு. விபத்துகளில் 15 சதவீதம், உயிர்போன விபத்துகளில் 21 சதவீதம் இவற்றுடையவை. அக்கா பயப்படுவதில் நியாயம் இருக்கிறது என்றுதான் இதைச் சொல்கிறேன். ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கள். கராஜில் அடித்த ரிவெட் விட்டு இறக்கை கழன்று விழுவதுதான் எல்லோரும் கற்பனை செய்வது. அது அரிது. விமானியின் கட்டுப்பாட்டை விட்டுப் போனதும், இயந்திரமோ அதற்கு எரிபொருள் போகும் வழியோ மக்கர் பண்ணியதும்தான் அதிகம். அந்த வருடம் விபத்துக்குள்ளானவற்றில் பாதிக்கு மேல், கட்டியவரிடமிருந்து இன்னொருவர் வாங்கியவை. வாங்கியவரின் முதல் பறப்பிலேயே விழுந்தவையும் இருந்தன. கட்டியவருக்கு ஒவ்வொரு வயரும் தெரியும். வாங்கியவருக்குச் சாவி மட்டும்தான் கிடைக்கிறது.

கட்டியவர் பாடும் சுலபமில்லை. ஐந்தாறு வருடம் கராஜில் குனிந்திருந்தவர் அந்தக் காலத்தில் பறப்பதையே மறந்திருப்பார். காசு முழுக்க விமானத்துக்குள் போயிருக்கும். அப்படித் துருப்பிடித்த கையோடு, யாரும் இதுவரை பறக்காத ஒரு விமானத்தில் ஏற வேண்டும். புதிதாகக் கட்டியதை முதல் 25 அல்லது 40 மணித்தியாலம் பரிசோதனையாகப் பறக்க வேண்டும் என்பதுதான் வழக்கமான விதி. அந்தக் கட்டம் முழுக்க விமானி தனியாகவே போக வேண்டும் என்றும் வைத்திருந்தார்கள், இன்னொருவர் உயிரைப் பணயம் வைக்கக் கூடாது என்பதற்காக. நல்ல எண்ணம்தான். ஆனால் துணை மிகவும் தேவைப்படும் நேரத்தில்தான் துணை கூடாது என்று அது ஆக்கிவிட்டது. 2014-இல்தான் தகுதியுள்ள இரண்டாவது விமானி ஒருவரைக் கூட்டிப் போகலாம் என்று வழி திறந்தார்கள்.

பயிற்றுநர்களுக்கும் இதே மாதிரி ஒரு முடிச்சு இருந்தது. எக்ஸ்பெரிமென்டல் விமானத்தில் காசு வாங்கி ஆளேற்றக் கூடாது. நியாயம். ஆனால் பயிற்றுநர் ஒருவர் தன்னுடைய ஆர்வியை வைத்து, நாளைக்கு ஆர்வி வாங்கப் போகிறவருக்குப் பழக்கிக் காசு வாங்கினால் அதுவும் வாடகைதானே? அதற்காக எஃப்ஏஏ எனப்படும் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் விதிவிலக்குக் கடிதம் கொடுத்துவந்தது. அடிப்படைப் பயிற்சி கூடாது, லைசன்ஸ் உள்ளவரை இந்த வகைக்கு மாற்றும் பயிற்சி மட்டும் என்ற எல்லையோடு. கடிதம் வாங்கும் அலைச்சலும், காப்புறுதிச் செலவும், தன் விமானத்தை அந்நியர் கையில் கொடுத்து அடி வாங்க வைக்கும் மனத்துணிவும் எத்தனை பேருக்கு இருக்கும்? அதனால்தான் மருமகன் மாநிலம் விட்டு மாநிலம் போக வேண்டி வந்தது.

2021-இல் கதை இன்னும் சிக்கலானது. பழைய போர்விமானமான பி-40-இல் காசு வாங்கிப் பயிற்சி கொடுத்த ஒரு நிறுவனத்தின் வழக்கில் வொஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் நிர்வாகத்தின் பக்கம் நின்றது. அந்தத் தர்க்கத்தைப் பிடித்துக்கொண்டு நிர்வாகம், சொந்தக்காரர் தன் சொந்த எக்ஸ்பெரிமென்டல் விமானத்தில் பயிற்றுநருக்குக் காசு கொடுத்துப் படித்தாலும் கடிதம் வேண்டும் என்று அறிவித்தது. பிறகு அந்தக் கடிதத்தை மின்னஞ்சலில் கேட்டாலே கொடுத்தார்கள். கேட்டவுடன் எல்லோருக்கும் கிடைக்கும் ஒரு கடிதம் யாருடைய உயிரைக் காப்பாற்றும் என்று எனக்கு விளங்கவில்லை. 2022 டிசம்பரில் காங்கிரஸ் சட்டம் போட்டு, சொந்தக்காரர் தன் விமானத்தில் படிக்க அது தேவையில்லை என்றாக்கியது. 2024-இல் விதிகளையும் திருத்தினார்கள். ஆவணம் கேட்பதில் ஹேங்கரில் நானும் கறார்தான், ஆனால் அந்த ஆவணத்துக்கு ஒரு வேலை இருக்க வேண்டும். படிக்கப் போகிறவனை வாசலில் மறித்துவிட்டு, படிக்காமல் போகிறவனுக்குக் கதவைத் திறந்து வைத்திருந்த விதி அது.

நியாயமாகச் சொல்ல வேண்டும், அதே நிர்வாகம்தான் 2011-இல் பழக்கமில்லாத விமானத்துக்கு மாறுவது பற்றி நல்ல ஆலோசனைச் சுற்றறிக்கை ஒன்றையும் வெளியிட்டது, 2015-இல் திருத்தியது. பெயரை வைத்துப் பிரிக்காமல் நடத்தையை வைத்து விமானங்களைப் பிரித்திருப்பதுதான் அதன் சிறப்பு. தொட்டால் சாய்கிறவை, எடை குறைந்து இழுவை கூடியவை, வழுக்கிக்கொண்டு போகிறவை, தோற்றமே வேறானவை என்று. இந்தக் கூட்டத்தில் எது உன்னுடையது, நீ எதிலிருந்து வருகிறாய், அதற்கேற்ப எதைப் பழக வேண்டும் என்று ஓர் ஆள் தானே வாசித்துப் புரிந்துகொள்ளலாம்.

ஒற்றை இருக்கை விமானத்துக்கு என்ன செய்வது என்று கேட்பீர்கள். ஆர்வி-3 அப்படிப்பட்டது, பயிற்றுநர் உட்கார இடமே இல்லை. இதற்குப் பதில் எங்கள் ஊரிலேயே இருக்கிறது. 1942 ஏப்ரல் 9-ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்க வந்தபோது இங்குள்ள சீனக்குடா விமானத்தளத்திலிருந்து ஏறிப் போனவை பிரித்தானிய விமானப்படையின் 261-ஆவது ஸ்குவாட்ரனின் ஹரிகேன் போர்விமானங்கள். எண்ணெய்க் குதங்களைப் பார்க்கப் போகிறவர்களுக்கு இன்றும் அந்த நாளின் கதையைச் சொல்வார்கள். ஹரிகேன் ஒற்றை இருக்கை. அதில் ஏறிய ஒவ்வொருவரும் முதல் தடவை தனியாகத்தான் ஏறியிருக்கிறார்கள். ஆனால் அதற்கு முன், குணத்தில் கிட்டிய இரட்டை இருக்கைப் பயிற்சி விமானத்தில் பின்னால் ஒருவரை வைத்துப் பழக்கியிருப்பார்கள். ஹரிகேனுக்குள் உட்கார வைத்துக் கண்ணைக் கட்டி, ஒவ்வொரு சுவிட்சையும் தொட்டுக் காட்டச் சொல்வார்கள். போர் நெருக்கடியிலும் அதற்கு நேரம் ஒதுக்கினார்கள். ஆர்வி-3 வாங்குகிறவருக்கும் இன்றைய ஆலோசனை கிட்டத்தட்ட இதுதான்: இரட்டை இருக்கை ஆர்வியில் பயிற்றுநரோடு பழகு, உன் விமானத்தைத் தரையில் ஓட்டிப் பார், கண்ணை மூடித் தேடு.

சீனக்குடாவில் இன்றும் விமானப்படைப் பயிற்சி நடக்கிறது. பிரி-6 பயிற்சி விமானத்தின் நட்சத்திர இயந்திரச் சத்தம் எங்கள் வீட்டு முற்றத்துக்குக் கேட்கும். 2023 ஆகஸ்டில் அவற்றில் ஒன்று விழுந்து இரண்டு அதிகாரிகள் இறந்தார்கள். அக்காவின் பயம் அன்றிலிருந்து கூடியது. பயிற்றுநர் இருந்தால் விழாது என்று நான் அவளிடம் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன்.

மருமகன் கண்டுபிடித்த பயிற்றுநர் வயதானவர், தன்னுடைய ஆர்வி-6-ஐத் தானே கட்டியவர். முதல் நாள் காலையில் இயந்திரத்தையே தொடவிடவில்லையாம். எரிபொருள் வழியைத் தாளில் வரையச் சொல்லியிருக்கிறார்: டாங்க், வால்வு, வடிகட்டி, பம்ப் எல்லாம் வரிசையாக. மருமகன் வரைந்தது செஸ்னாவின் படம். அன்று பின்னேரம் உயரத்தில் மெதுவாகப் பறக்க வைத்து, ஃப்ளாப் போட்டும் போடாமலும், வளைவிலும் நேரிலும் ஸ்டோல் வரை கொண்டுபோனார்கள். த்ரோட்டிலை முழுக்க இழுத்துவிட்டு எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்று எண்ணச் சொன்னார். தரையிறங்குவது அதற்குப் பிறகுதான். “மாமா, என்ட கால் ரெண்டும் இவ்வளவு நாளும் சும்மா இருந்திருக்கு” என்று அன்று இரவு எழுதியிருந்தான்.

இந்த வேலையைச் செய்கிறவர்கள்மேல் எனக்கு ஒரு மரியாதை வந்தது எப்போதென்றால், கையால் கட்டிய பல இரட்டை இருக்கை விமானங்களில் பயிற்றுநர் பக்கத்தில் பிரேக் இருக்காது என்று தெரிந்தபோது. கட்டியவர் தனக்கு மட்டும் போதுமென்று விட்டிருப்பார். முன்பின் இருக்கை விமானங்களில் பின்னால் இருப்பவருக்கு மீற்றர்கூடச் சரியாகத் தெரியாது. மாணவன் தவறு செய்தால் தடியையும் வாயையும் தவிர அவர் கையில் வேறொன்றும் இல்லை. அதனால் நல்ல பயிற்றுநர் மாணவனின் விமானத்தில் ஏறுவதற்கு முன் அதைச் சுற்றி வந்து, மூடியைக் கழற்றி, கட்டியவரின் பதிவேட்டை வாசித்து, பிடிக்காவிட்டால் ஏறமாட்டேன் என்று சொல்லிவிடுவார். ஹேங்கரில் அப்படிச் சொல்லும் விமானிகளை நாங்கள் திட்டுவோம், ஆனால் எங்கள் பிள்ளைகளை அவர்களோடுதான் அனுப்புவோம்.

மருமகன் வாங்கிய விமானத்தை அவர் அப்படிச் சுற்றி வந்தபோது ஒரு விஷயம் அகப்பட்டது. பயிற்றுநரின் விமானத்தில் எரிபொருள் வால்வின் கைப்பிடியில் நீண்ட முனை எந்தப் பக்கம் நீட்டுகிறதோ அந்த டாங்க் திறந்திருக்கும். மருமகன் வாங்கியதில் கட்டியவர் வேறொரு வால்வைப் போட்டிருந்தார். அதில் கூரான குட்டை முனைதான் காட்டி. நாள்கணக்காக ஒரு மாதிரிப் பழகிய கை, அவசரத்தில் நேர்மாறாக வைக்கும். மருமகன் படம் எடுத்து எனக்கு அனுப்பி, சிவப்புப் பெயின்றில் அம்புக்குறி போட்டால் போதாதா மாமா என்று கேட்டான். போதாது, கைப்பிடியை மாற்று என்றேன். இருட்டிலும் பதற்றத்திலும் பெயின்றை யார் வாசிக்கிறார்கள்? அவன் வாதாடினான், நானும் விடவில்லை. கடைசியில் பயிற்றுநர், பாகம் வரும்வரை இந்த விமானத்தில் நான் ஏறப்போவதில்லை என்று முடித்துவிட்டார். பாகம் வர ஒரு வாரத்துக்கு மேலானது. அதுவரை அவருடைய விமானத்திலேயே பக்கக் காற்றில் இறங்கப் பழகியிருக்கிறான், அதற்கும் மணித்தியாலக் கணக்கில் காசு.

இப்போது வால்சில்லுக்கான கையெழுத்தை வாங்கிவிட்டான். காப்புறுதியும் வந்துவிட்டது. பக்கக் காற்று பத்து நொட்டை, அதாவது மணிக்குப் பத்து கடல்மைலைத் தாண்டினால் கொஞ்ச காலத்துக்குத் தனியாக ஏற வேண்டாம் என்று பயிற்றுநர் வாய்வார்த்தையாகச் சொல்லியிருக்கிறார். எந்தத் தாளிலும் இல்லாத நிபந்தனை அது. அமெரிக்காவின் பல சின்ன விமான நிலையங்களில் இந்த நிமிடம் காற்று எவ்வளவு என்று இங்கிருந்தே கைபேசியில் பார்க்கலாம், எந்த விமானம் எங்கே பறக்கிறது என்றும் பார்க்கலாம். இது மருமகனுக்கு நன்றாகத் தெரியும். போன சனிக்கிழமை அங்கே பதினான்கு நொட். விமானம் கொட்டகையை விட்டு அசையவில்லை.